கோபித்துக்கொண்டு போக வழியில்லாத ஊர்

தங்கச்சி மகளுக்குக் காது குத்த மாலே போனேன். குத்தாமல் திரும்பி வந்தேன். வந்து மாதங்கள் ஆகிவிட்டன. கோபம் ஆறவில்லை. எழுதி வைத்தால் ஆறும் என்று என் மனைவி சொல்கிறாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

மாலே மாலத்தீவின் தலைநகரம். கடலுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். என் தங்கச்சியைத் திண்டுக்கல் டவுனில் கொடுத்தோம். மாப்பிள்ளை படித்தவர். மாலேயில் ஓட்டல்களுக்குச் சாமான் அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. கல்யாணம் முடிந்ததும் அவளையும் கூட்டிப் போனார். பிரசவத்துக்கு எங்கள் ஊர் எரியோட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டில்தான் பிள்ளை பிறந்தது. பொம்பளைப் பிள்ளை. கழுத்து நிற்கிற வரை இருந்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. பிள்ளைக்கு இப்போது மூன்று வயது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தங்கச்சிக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். வேறு யாரும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் காதுக்கு இவன் ஏன் இத்தனை குதிக்கிறான் என்று தோன்றும்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஏழையானாலும் பணக்காரனானாலும் இதுதான். தாய்மாமன் வெளியூரில் இருந்தால் காத்திருப்பார்கள். மாமன் கோபத்தில் இருந்தால் காலில் விழுந்தாவது கூட்டி வருவார்கள். மாமன் மடி இல்லையென்றால் பிள்ளையைப் பெற்றவளுக்குப் பிறந்த வீடு அற்றுப் போச்சு என்று அர்த்தம்.

மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார். "மச்சான், இங்க வெள்ளிக்கிழம லீவு. அன்னைக்கே காது குத்து வச்சிருக்கோம். ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து குத்துவாங்க. நீங்க வந்துருங்க. டிக்கெட் நான் போட்டு அனுப்புறேன்."

"டிக்கெட் நான் எடுத்துக்கிருவேன்" என்றேன்.

என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். முறைப்படி அவர்கள் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாசலில் நின்று கூப்பிட வேண்டும்.

"பாக்கு வைக்காம போன்ல கூப்பிட்டா போயிருவீகளோ? ரோசமே கெடையாதா உங்களுக்கு?"

"கடலத் தாண்டி வந்து பாக்கு வைக்க முடியுமா புள்ள?"

"நீங்க மட்டும் கடலத் தாண்டிப் போகலாமாக்கும்."

அவள் சொன்னது சரி. அது விளங்க நான் மாலே வரை போக வேண்டியிருந்தது.

எனக்கு முருங்கைத் தோட்டம். காய் இறங்குகிற நேரம். ஆள் கிடைக்காத நேரமும் அதுதான். எல்லாவற்றையும் மனைவி தலையில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆசாரியிடம் கல் வைத்த தங்கக் கம்மல் ஒரு ஜோடி செய்து வாங்கியிருந்தேன். பட்டுப் பாவாடை, சட்டை, அச்சு வெல்லம், பச்சரிசி, குலசாமி திருநீறு, வீட்டு மரத்துத் தேங்காய். தேங்காயை உரித்துக் குடுமி மட்டும் விட்டிருந்தேன். சீர்த் தேங்காய்க்குக் குடுமி வேண்டும்.

திண்டுக்கல்லில் ரயில் ஏறித் திருவனந்தபுரம். அங்கிருந்து விமானம். பை செக்கிங்கில் ஒருவர் தேங்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"மாலத்தீவு முழுக்கத் தென்னமரம்தானே. அங்க போயி தேங்காயா?"

"இது சீர்த் தேங்காய்" என்றேன்.

சிரித்துக்கொண்டே திரும்ப வைத்தார். நான் சிரிக்கவில்லை.

விமான நிலையம் தனித் தீவு. அங்கிருந்து மாலேக்குப் பாலம் இருக்கிறது. படகும் உண்டு. மாப்பிள்ளை வந்து படகில் கூட்டிப் போனார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஊரைத் தூரத்தில் பார்த்தேன். மண்ணே தெரியவில்லை. கட்டிடம் கட்டிடமாகக் கடலில் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கரை ஏறினால் சந்து சந்தாகத் தெரு. தெருவை அடைத்து பைக். ஒரு ஆள் நின்று பேச இடமில்லை. வெயிலைவிடப் புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். எது பெரிய கட்டிடம், வாடகை எவ்வளவு ஏறிப்போச்சு, இப்படி. பேசினாலும் என் முகத்தைப் பார்க்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் என்னை விட்டுவிட்டு, ஆபீஸில் ஒரு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

கதவைத் திறந்தது என் மருமகள். கழுத்து நிற்காத காலத்தில் பார்த்த பிள்ளை. எங்கள் அம்மா முகம் அப்படியே இருந்தது. தூக்கப் போனேன். காதில் என்னமோ மின்னியது. இரண்டு காதிலும்.

தங்கச்சி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அண்ணே, வாண்ணே. ரொம்ப எளச்சுப் போயிட்டியே."

"காதுல என்னத்தா?"

"அது ஒட்டுற கம்மல்ணே. வெளயாட்டுச் சாமான்."

அவள் கண் வேறு பக்கம் போனது. நான் கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை. பிள்ளை என்னையே பார்த்தது. பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டியது.

"டிக்குனு குத்துனாங்க. எனக்கு வலிச்சுச்சு. மாமா சாக்லேட் குடுத்தாங்க."

"எந்த மாமா?"

"சாக்லேட் மாமா. மடியில உக்கார வச்சாங்கள்ல, அந்த மாமா."

தங்கச்சி அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அறை சின்னது. நின்றால் கட்டில், உட்கார்ந்தால் சுவர். பிள்ளை மேசையில் கிடந்த போனை எடுத்துக் கொண்டுவந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. படத்தைக் காட்டியது. சோபாவில் ஒரு ஆள். வெள்ளைச் சட்டை, கையில் பெரிய வாட்ச். அவர் மடியில் என் மருமகள் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை எல்லாப் பல்லும் தெரிய நின்றார். படத்தில் தங்கச்சி இல்லை.

"யாரு இவரு?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன்.

"அவுக முதலாளி." சத்தம் மட்டும் வந்தது.

முதலாளி மதராஸ் பக்கத்து ஆள். காது குத்தப் போகிறோம் என்று மாப்பிள்ளை ஆபீஸில் சொல்லியிருக்கிறார். அதற்கு முதலாளி, நான் வெள்ளிக்கிழமை ஊரில் இருக்க மாட்டேனே, அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், நானே வந்து நடத்தி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இவர் சரி என்று தலையாட்டியிருக்கிறார். நான் வருவதற்குச் சில நாள் முன்னால் முடிந்துவிட்டது. நான் இங்கே ஆசாரி கடையில் உட்கார்ந்து கம்மல் திருகாணி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே இன்னொரு ஆள் மடியில் காது குத்தியாச்சு.

மாப்பிள்ளை சாயங்காலம் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"மச்சான், கோவப்படாதீங்க. அவரு பெரிய மனுசன். வேல பர்மிட் புதுப்பிக்கிற நேரம். எல்லாம் அவரு கையெழுத்துலதான் இருக்கு. வாரேன்னு வாய் தொறந்து சொன்னவர எப்படி வேணாம்னு சொல்றது?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"அதான் நீங்க வந்துட்டீங்கள்ல. நாளைக்கு உங்களுக்கும் வச்சிருக்கோம் மச்சான்."

"என்னத்த வச்சிருக்கீக?"

"பாப்பாவ உங்க மடியில வைப்போம். இந்தக் கம்மலக் கழட்டிட்டு நீங்க கொண்டாந்தத மாட்டுவோம். குத்துற மாதிரி வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

அவருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. "அது நமக்குள்ளதானே மச்சான்" என்றார்.

அடித்திருப்பேன். பிள்ளை அங்கே நின்றது. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சீர்ச் சாமான் அத்தனையும் அதில் இருந்தது. திருப்பிக் கொண்டுபோய்விட வேண்டும் என்றுதான் இறங்கினேன். சீர் திரும்பினால் உறவு முடிந்தது. அது தெரியாமல் நான் அந்தப் பையை எடுக்கவில்லை. தெரிந்துதான் எடுத்தேன்.

"மச்சான், எங்க போறீங்க? பாஸ்போர்ட் இங்க கெடக்கு" என்று மாப்பிள்ளை மாடிப்படியில் நின்று கத்தினார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கோபம் வந்தால் நடப்பேன். எரியோட்டில் வீட்டை விட்டு இறங்கினால் வேடசந்தூர் ரோட்டில் நடந்துகொண்டே இருக்கலாம். ஒரு பக்கம் சோளம், ஒரு பக்கம் தரிசு. கால் வலிக்கும்போது கோபமும் வலிக்கும். அப்போது திரும்புவேன். இங்கேயும் அப்படி நினைத்து நடந்தேன்.

கடலை ஒட்டி ரோடு போனது. கரை முழுவதும் சிமெண்டுக் கட்டைகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். அலை அதில் அடித்து ரோட்டில் தெறித்தது. நடந்தேன். படகுத்துறை வந்தது. மீன் மார்க்கெட் வந்தது. பெரிய சூரை மீன்களை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஆட்கள் போனார்கள். தரையைக் கழுவிய ரத்தத் தண்ணீர் என் செருப்பில் ஏறியது. அதற்குப் பக்கத்தில் காய்கறி மார்க்கெட். வெங்காய மூட்டை ஒன்றில் தமிழ் எழுத்து. உள்ளே முருங்கைக்காய். கட்டுக் கட்டாக அடுக்கி, வாடாமல் இருக்க ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். என் தோட்டத்துக் காயாக இருக்காது. இருந்தாலும் எனக்கு வெறி வந்தது. கடல் தாண்டி வந்த காய்க்கு ஈரச் சாக்கு. கடல் தாண்டி வந்த தாய்மாமனுக்கு வீடியோ.

இன்னும் நடந்தேன். பையன்கள் கடலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பாலம் வந்தது. அதில் ஏறாமல் ரோட்டோடு போனேன். பார்த்தால் நான் கிளம்பும்போது பார்த்த அதே பெயிண்டுக் கடை. பக்கத்தில் செல்போன் கடை. மேலே தங்கச்சி வீட்டு ஜன்னல். அவள் துணி காயப்போட்டிருந்தது தெரிந்தது.

ஊர் முடிந்துவிட்டது. கிளம்பிய வாசலிலேயே நின்றேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. இந்த ஊரில் ஒருவனும் வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போக முடியாது. போனால் சுற்றி வந்து அதே வாசலில் நிற்க வேண்டும். தலைநகரமாம்.

விடவில்லை. இரண்டாவது தடவையும் நடந்தேன். மீன் மார்க்கெட் தாண்டியதும் எதிரே தங்கச்சி வந்தாள். இடுப்பில் பிள்ளை. வேகமாகக்கூட வரவில்லை. கடைக்குப் போகிறவள் மாதிரி வந்தாள்.

"நீ அந்தப் பக்கம் போனா நான் இந்தப் பக்கமா வந்தா எதுர்ல மாட்டுவன்னு தெரியும்ணே. கோவிச்சுக்கிட்டுப் போக இது என்ன வேடசந்தூர் ரோடா?"

"வழிய விடு."

"விட்டா எங்க போவ? சுத்தி வந்தா எங்க வீடுதான். நானும் எத்தனையோ தடவ சுத்திப் பாத்துட்டேன்."

கடைசியில் சொன்னதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் நின்றுவிட்டேன்.

கரையோரம் அந்த ஊர் நாற்காலிகள் கிடந்தன. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிற்றை வலை மாதிரிப் பின்னியிருப்பார்கள். மரியாதையாக உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். வலை தொய்ந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கோபத்தில் இருக்கிறவன் உட்காரக் கூடாத நாற்காலி அது. சட்டென்று எழ முடியாது. தங்கச்சி பக்கத்து நாற்காலியில் பழகிய ஆள் மாதிரி உட்கார்ந்தாள். கை கடுக்கிறது என்று பிள்ளையை என் பக்கம் தள்ளினாள். பிள்ளை சறுக்கி என் வயிற்றோடு வந்து விழுந்தது.

"அந்தாள் மடியில வைக்கும்போது நீ எங்க போன?" என்று கேட்டேன்.

"அடுப்படியில நின்னேன். வெளிய வரல. போட்டோவுக்குக் கூப்பிட்டாக. பால் பொங்குதுன்னு சொல்லிட்டேன்."

"வேணாம்னு சொல்ல வாய் இல்லையா?"

"இருக்கு. சொன்னேன். அவுகளுக்கு வேல போச்சுன்னா உன் வீட்டுலயா வந்து உக்காருறதுன்னு கேட்டாக."

"வந்து உக்காரு. யாரு வேணாம்னா?"

"பேசுறது லேசுண்ணே."

படகு ஒன்று போனது.

"சரி, குத்தியாச்சு. போன்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. தேங்காயக் கட்டித் தூக்கிக்கிட்டு, கிறுக்குத்தனமா வந்து நிக்கிறேன்."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவள் சொன்னது சரியாக இருந்தது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"ஒன்னப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள். "இந்தக் காதச் சொல்லாம வேற என்னத்தச் சொல்லி ஒன்ன வரவைக்க? பாக்கணும் போல இருக்கு வாண்ணேன்னா, காய் எறங்குதும்ப. தண்ணி கட்டணும்ப."

"பொய் சொல்லிக் கூப்பிடுவியோ?"

"ஆமா. கூப்பிடுவேன். என்ன பண்ணுவ? சீரத் திருப்பிக் கொண்டு போயிருவ, அதான? கொண்டு போ. நான் செத்தாலும் பொறந்த வீட்டுக் கோடித் துணி எடுத்துட்டு வராத."

சத்தம் போட்டுச் சொன்னாள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்தினாள். பிறகு என் மடியைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்.

"தூங்கிட்டா பாரு."

பார்த்தேன். பிள்ளை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நாற்காலி அப்படி. அதில் யார் உட்கார்ந்தாலும் மடி குழியாகிவிடும். காது இரண்டும் சிவந்து தடித்திருந்தன. நடுவில் அந்த ஆள் மடியில் வைத்துக் குத்திய வெள்ளைக் கல்.

"மாமன் மடியில ஏறிட்டாள்ல" என்றாள் தங்கச்சி.

"இது கணக்குல வராது" என்றேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பையைத் தங்கச்சி வாங்கிக்கொண்டாள். கொடுத்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் கம்மல் டப்பாவை எடுத்து என் சட்டைப் பையில் போட்டிருந்தேன். அதை எடுத்து வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் மாப்பிள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். தட்டு, குங்குமம், போன் நிறுத்தி வைக்க ஒரு குச்சி, எல்லாம் தயாராக இருந்தன. நான் பையைத் திறந்து தேங்காயை எடுத்தேன். குடுமியைப் பிய்த்தேன். தரையில் தட்டி உடைத்தேன். இரண்டு மூடியையும் தங்கச்சி கையில் கொடுத்தேன்.

"சட்னி அர."

"அண்ணே, சீர்த் தேங்கா."

"சீரு இல்ல. தேங்கா. அர."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் புருஷனைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போனாள். திருவுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை குச்சியை மடக்கி மூலையில் வைத்தார். இட்லி ஊற்றியிருந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். பிள்ளை தரையில் உட்கார்ந்து வெல்லத்தை நக்கிக்கொண்டிருந்தது. பட்டுப் பாவாடையைக் கட்டிவிட்டேன். அது மாமன் கொடுக்கிற துணி, அது வேறு. காதைத் தொடவில்லை.

"சட்னி நல்லாருக்கு மச்சான். நம்ம ஊர்த் தேங்கா ருசியே தனி" என்றார் மாப்பிள்ளை.

"சாப்பிடுங்க" என்றேன். அன்றைக்கு அவரிடம் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

திரும்பும் நாள் படகுத்துறைக்கு மூன்று பேரும் வந்தார்கள். படகுக்கு நிற்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் வந்தார்.

"தப்புத்தான் மச்சான். மனசுல வச்சுக்காதீங்க."

"மனசுலதான் வச்சிருக்கேன். வேற எங்க வைக்க?"

"அந்தக் கம்மலக் குடுத்துட்டுப் போங்க. பாப்பாவுக்குச் செஞ்சதுதானே."

"ஊருக்கு வாங்க. தட்டுல பாக்கு வச்சு, என் வாசல்ல நின்னு கூப்பிடுங்க. நான் உக்காருறேன். என் கையால மாட்டுறேன்."

"லீவு கெடைக்கணுமே மச்சான்."

"முதலாளியக் கேளுங்க. பாப்பாவுக்கு மாமாதான அவரு? குடுப்பாரு."

அவர் முகம் சுருங்கிப் போனது. தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. படகு வந்தது. ஏறினேன். பிள்ளை கையை ஆட்டியது. "மாமா டாட்டா" என்றது. சாக்லேட் மாமா என்று சொல்லவில்லை. வெறும் மாமா.

வீட்டுக்கு வந்து கம்மல் டப்பாவை பீரோவில் வைத்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் வேடசந்தூர் ரோட்டில் நடந்தேன். இருட்டும் வரை நடந்தேன். ரோடு போய்க்கொண்டே இருந்தது. கோபமும் கூடவே வந்தது.

போன வாரம் தங்கச்சி போன் பண்ணினாள்.

"அண்ணே, லீவு சொல்லியிருக்காக. பங்குனியில வாரோம்."

"யாரு யாரு?"

"மூணு பேரும்தான். அவுக பாக்கு வைக்கிறேன்னு சொல்லிட்டாக. எத்தன பாக்கு வைக்கணும்னு கேக்கச் சொன்னாக."

"ஒன்னு போதும். வாசல்ல நின்னு வைக்கணும்" என்றேன். போனை வைத்தேன்.

மனைவி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "கோவம் போச்சாக்கும்?" என்றாள்.

"போகல. பங்குனி வரட்டும்."